வான்கார காக்கா கண்டது

அன்று எங்கள் வீட்டு மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள். மாமி, கட்டிலில். மாமி என்றால் என் மனைவியின் உம்மா. மனைவி, குசினி வாசலில், அடுப்பில் ஒரு கண்ணோடு. மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், எனக்கு மச்சான், கதிரையில், கையில் போனோடு. என் தங்கச்சி, கல்முனைக்குடியில் இருந்து பஸ்ஸில் வந்தவள், பாயில். என் மகள், கட்டிலுக்குக் கீழே, ஒரு பூனைக்குட்டியோடு. நான், சுவரில் சாய்ந்து. கடைசியாக வான்கார காக்கா; ஊரில் மூத்தவர்களையும் காக்கா என்போம். அவர் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார்.

பேச்சு மகளைப் பற்றி. வருகிற வருடம் அவள் முதலாம் ஆண்டு. எந்தப் பள்ளிக்கூடம் என்று முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு இருந்தன. ஒன்று கல்முனையில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடம். மாடிக் கட்டடம், பேண்ட் வாத்தியம், புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸானவர்களின் படம் போட்ட பெரிய பேனர். எங்கள் நிந்தவூரில் இருந்து பள்ளிக்கூட வானில் போக வேண்டும். மற்றது எங்கள் வீட்டில் இருந்து நடந்தே போகக்கூடிய கடற்கரைப் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். மூடப்போகிறார்கள் என்று வருடா வருடம் ஒரு கதை வரும். அதன் அதிபர், தலைமையாசிரியர், மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்து பிள்ளை கேட்பார். அவர் வருகிற சத்தம் கேட்டால் சில வீடுகளில் கதவைச் சாத்துவார்கள்.

நான் மேசன். ஏழாம் ஆண்டோடு நின்றவன். பள்ளிக்கூடம் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். மச்சானுக்குத் தெரிந்தது அதிகம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்க்கிறவர்களுக்கென்று வட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. அதில் வருவதையெல்லாம் அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். வான்கார காக்காவைக் கூப்பிட்டதும் அவர்தான். காக்கா எங்கள் வீதியில், நாலு வளவு தள்ளி இருந்தவர். எத்தனையோ வருடமாகப் பள்ளிக்கூட வான் ஓட்டினவர்.

"காக்கா, நீங்க தினம் அங்கயும் இஞ்சயும் போறவர். சொல்லுங்களன், எந்தப் பள்ளிக்கூடம் நல்லம்?" என்று மச்சான் கேட்டார்.

காக்கா தாடி நுனியைப் பிடித்தார். யோசிக்கும்போது அதைப் பிடிப்பார்.

"பெரிய பள்ளிக்கூடத்துக் கேற் ஏழரைக்குப் பூட்டுற. மழை எண்டா கொஞ்சம் விடுற."

"அது தெரியும். நல்லமா?"

"புள்ளையள் கனபேர்."

"அதுவும் தெரியும். நல்லமா, கூடாதா?"

"நான் கேற்றோட நிக்கிற. உள்ளுக்குப் போறல்ல."

மச்சான் கதிரையில் நிமிர்ந்தார். "சரி, இதச் சொல்லுங்க. உங்கட பேத்தி எங்க படிக்கிற?"

"பெரிய பள்ளிக்கூடத்தில."

மச்சான் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா! பாத்தீங்களா!"

"வான் அங்கதானே போகுது," என்றார் காக்கா.

தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சான் போனைப் பார்த்தார்.

காக்கா அப்படித்தான். நான் பழகின காலம் முழுக்க அவர் எதையும் நல்லம் என்று சொல்லிக் கேட்டதில்லை. கூடாது என்று சொல்லியும் கேட்டதில்லை. கண்டதைச் சொல்வார். அதோடு நிற்பார். மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை பக்கத்து வீதியில் பெரிய கலியாணம். நாங்கள் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம், பலர் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு அது. வீட்டுக்காரர் சஹன் சஹனாகக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் புகழ்ந்தார்கள். "காக்கா, சாப்பாடு எப்பிடி?" என்று இவரிடமும் கேட்டார்.

"இறைச்சி வெந்திரிக்கி," என்றார்.

வீட்டுக்காரர் நிமிர்ந்தார். பிறகு அடுத்த சஹனுக்குப் போனார். சமையல்காரனோடு பின்னால் சண்டை பிடித்ததாகக் கேள்வி. இறைச்சியில் ஒரு குறையும் இல்லை. வெந்துதான் இருந்தது.

இன்னொருமுறை சம்மாந்துறையில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. எங்கள் வீதிப் பொடியன் ஒருவனை மாப்பிள்ளை கேட்க எண்ணம். வந்தவர்கள் வெளியில் விசாரிப்பார்கள்தானே. காக்கா வானைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்தார்கள்.

"பொடியன் தொழுகையெல்லாம் எப்பிடி?"

"விடிய சுபஹுக்குப் பள்ளிக்குப் போறத்த நான் காணல்ல."

வந்தவர்களின் முகம் மாறியது.

"நானும் அந்த நேரம் வானத்தான் கழுவுற," என்றார் காக்கா.

அந்தச் சம்பந்தம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் நடந்தது. பொடியனின் உம்மா மட்டும் காக்காவின் மனைவியோடு வெகுநாள் பேசவில்லை.

அவர் வீட்டுக் கிணற்றடிச் சுவர் நான் கட்டினது. கட்டி முடிந்ததும் வேலை எப்படி என்று கேட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் நீளத்துக்கும் பார்த்தார்.

"நேரா நிக்குது."

எனக்கு அது போதும். பலபேர் என் வேலையைப் புகழ்ந்திருக்கிறார்கள். ஞாபகம் இருப்பது இதுதான்.

வான் பழையது. அதன் எஞ்சின் சத்தம் வீதி முனையிலேயே கேட்கும். அவர் ஹோன் அடிக்கமாட்டார். வீட்டு வாசலில், கடப்படியில் வந்து நிறுத்தி, பிள்ளை வரும்வரை இருப்பார்; எதிர்வீட்டுப் பிள்ளைக்காக எங்கள் கடப்படியிலும் நிற்பார். ஸ்டியரிங்குக்கு முன்னால் எப்போதும் தேசிக்காய் கிடக்கும். வானில் சத்தி, வாந்தி வருகிற பிள்ளை மணந்து பார்க்க அது. பிள்ளை கேட்க முன்னமே கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் கையை நீட்டிக் கொடுப்பார். பிள்ளைகளுக்கு அவரில் பயமில்லை. சில பெரியவர்களுக்கு இருந்தது.

அன்று மண்டபத்தில் மச்சான் விடவில்லை. அவருடைய திட்டம் வேறு. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு பெண்ணுக்குச் சீதனம். ஆள் போய்விடுவான். ஆனால் அவன் வாக்கு உம்மா வீட்டு விலாசத்தில் வாக்காளர் இடாப்பிலேயே கிடக்கும். அதை மாற்ற ஒருவரும் அலைவதில்லை. என் கதையும் அதுதான். நான் நிந்தவூருக்கு மாப்பிள்ளையாக வந்தவன். உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது. என் பேர் மட்டும் கல்முனைக்குடி இடாப்பில் இருந்தது. அந்த வீட்டில் இருந்து பார்த்தால் பெரிய பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தாங்கி தெரியும். பிள்ளை சேர்க்கும்போது அந்த இடாப்பைப் பார்த்துத்தான் விலாசம் எடுப்பார்கள்; கிட்ட இருக்கிறவர்களுக்குப் புள்ளி கூட.

"உங்கட வோட்டு கல்முனைக்குடியில தூங்குது மச்சான். அத ஒழுப்பி எடுங்க," என்றார் மச்சான். "பொய்யுமில்ல. பேர் இரிக்கிதானே."

"எங்கட மாப்புளட வோட்டு அட்டாளைச்சேனையில கிடக்கு," என்றாள் தங்கச்சி. "எங்கட ஊட்டு லிஸ்ட்ல என்ட காக்காட பேர்தான். இரிக்கிறவருக்குப் பேரில்ல, பேர் இரிக்கிறவர் ஆளில்ல."

"பள்ளிக்கூடத்தால ஊடு பாக்க வருவாங்களே?" என்று மனைவி கேட்டாள்.

"வந்தா ஒரு பாயும் ரெண்டு சாரனும் போட்டு வெச்சாச் சரிகா," என்றாள் தங்கச்சி.

மச்சான் படியைப் பார்த்தார். "காக்கா, உங்கள கேற்றடியில கண்டு கேட்டா? இவர் எங்க இரிக்கார் எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"விடியச்சாமம் இவர் நிந்தவூர்க் கிணத்தடியில பல்லு விளக்குற. அத நான் காணுற."

"அதச் சொல்லுவீங்களா?"

"கேட்டா."

மாமிகூடச் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. காக்கா வெறுந்தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். படிவத்தை உம்மா வீட்டு விலாசத்தில் போடுவது என்று மச்சான் சொன்னார். நான் பார்ப்போம் என்றேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. ஒரு வீட்டைக் கட்டப் போனால் நிலத்தைப் பார்க்காமல் அத்திவாரம் வெட்டமாட்டோம். காக்காவிடம் ஒருநாள் வானில் வரட்டா என்று கேட்டேன். "வாங்க," என்றார்.

அடுத்த கிழமை ஒருநாள் முன் சீட்டில் இருந்து போனேன். பிள்ளைகள் ஏறியதும் தூங்கினார்கள். காரைதீவு தாண்டும்போது ஒருத்தியின் தலை மற்றவளின் மடியில் கிடந்தது. பெரிய பள்ளிக்கூடத்து வாசலில் வானும் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் நெருக்கியடித்தன. பிள்ளைகள் அதற்குள் நுழைந்து மறைந்தார்கள். கடைசிப் பிள்ளை உள்ளே போகும்வரை காக்கா வானை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது வான் வெறுமை. நான் கேட்டேன்.

"காக்கா, என்ட புள்ள அங்க சமாளிப்பாளா?"

"அது எனக்குத் தெரியா."

கொஞ்சத் தூரம் போனோம். பிறகு அவர் பாணியில் கேட்டுப் பார்த்தேன். பகிடியாகத்தான் கேட்டேன்.

"சரி, என்ட புள்ளையில நீங்க என்ன கண்டிருக்கீங்க?"

அவர் வானை மெதுவாக்கினார்.

"காலையில நான் தெற்கால வாறன். சத்தம் தெற்கால. புள்ள கடப்படியில நிண்டு வடக்கால பாக்குது. வான் கிட்ட வந்தாத்தான் திரும்புது. பகல் நான் வடக்கால வாறன். அப்ப உடன பாக்குது."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"வலப்பக்கம் நிண்டு சலாம் சொன்னாப் பதில் வருகுது. இடப்பக்கம் நிண்டு சொன்னா வருகுதில்ல."

என் மகள் வாய் குறைந்தவள். கூப்பிட்டால் சில நேரம் வருவாள், சில நேரம் வரமாட்டாள். மாமி அதைப் பிடிவாதம் என்பார். மனைவி, வாப்பாவைப் போல என்பாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்குப் பேச்சுக் குறைவு. அவளுக்கும் குறைவு. அதில் உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது.

"எப்ப கண்டீங்க?"

"நோம்புக்கு முதல்."

"நோம்பும் முடிஞ்சு ஹஜ்ஜுப் பெருநாளும் போயிற்றே காக்கா."

"ஓம்."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே தம்பி."

வீட்டடியில் இறங்கினேன். சலாம் சொல்லவில்லை.

மகள் குசினியில் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் போய் நின்றேன். மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருமுறை கூப்பிட்டேன். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நான் சுற்றி வந்து வலப்பக்கம் நின்று அதே மாதிரிக் கூப்பிட்டேன்.

"என்ன வாப்பா?" என்றாள் மகள்.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துப் பார்த்தார்கள். இடக்காது கேட்காது. எப்போதோ வந்த காய்ச்சலாக இருக்கலாம் என்றார் டொக்டர். வலக்காது நன்றாகக் கேட்கிறது. அதை வைத்தே பிள்ளை படிக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும். முன்வரிசையில் இருத்த வேண்டும், இடப்பக்க ஓரத்தில். அப்போது டீச்சரும் மற்றப் பிள்ளைகளும் அவளுடைய வலக்காதுப் பக்கம் வருவார்கள். சனநெரிசலில், இரைச்சலில் பின்னால் இருத்தினால் பிள்ளை ஒன்றும் விளங்காமல் இருக்கும். விளங்கவில்லை என்று சொல்லவும் மாட்டாள். இதை டொக்டர் இரண்டுமுறை சொன்னார்.

வீட்டில் மாமி வேறு சொன்னார்.

"ஒரு மனிசருக்கும் சொல்ல வேணா. பொம்புளப் புள்ள. நாளைக்கு மாப்புள கேட்டுப் போகக்குள்ள, கேக்காத காதுக்கும் சேத்து ஒரு காணி எழுதச் சொல்லுவானுகள்."

"பள்ளிக்கூடத்தில சொல்லத்தானே வேணும் உம்மா," என்றாள் மனைவி.

"டீச்சருக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி. அந்த வான்காரன்தான் கண் வெச்ச. இனி அவன்ட வான் எங்கட கடப்படியில நிக்க வேணா."

காக்காவுக்கு இது எப்படியோ போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு வான் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது மெதுவாகும். நிற்காது.

எனக்கும் கோபம்தான். மாமியின் கோபம் இல்லை. ஒரு பெரிய மனிதர், மாதக்கணக்காக ஒரு பிள்ளை தப்பான பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். சலாம் சொல்லிப் பார்த்திருக்கிறார், இந்தப் பக்கம் நின்றும் அந்தப் பக்கம் நின்றும். கடப்படியில் நிறுத்தி ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அந்த மனிசன் தன்ட மகளுக்கே சொல்லல்ல."

அது எனக்குத் தெரியாத கதை. காக்காவின் மகளுக்குப் பொத்துவிலில் மாப்பிள்ளை பேசினார்கள். காணி எவ்வளவு, தொழில் என்ன, குடும்பம் எப்படி என்றெல்லாம் விசாரித்தார்கள். கலியாணத்துக்கு முன் ஒருநாள் காக்கா வாடகை ஓட்டம் போனபோது, பொத்துவில் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் அந்த மாப்பிள்ளையைக் கண்டிருக்கிறார். தேத்தண்ணி ஆறிவிட்டது என்று கடைக்காரக் கிழவரின் நெஞ்சில் அதை ஊற்றினானாம். காக்கா பார்த்தார். வீட்டுக்கு வந்தார். அவனைப் பற்றி எங்கேயாவது ஏதாவது கண்டீர்களா என்று வீட்டில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கலியாணம் நடந்தது. வீடு மகளுடையது. கடைசியில் அவள்தான் அவனைப் போகச் சொன்னாள். அதற்குள் அவளுடைய ஒரு கை முறிந்திருந்தது.

"மறுகாத்தான் மாமி கேட்டவ, முதல்ல எங்கயும் கண்டீங்களா எண்டு," என்றாள் மனைவி. மாமி என்று அவள் சொன்னது காக்காவின் மனைவியை. "ஓம் கண்டன் எண்டு சொன்னாராம். அந்த மனிசி அப்பிடியே இருந்திற்றாவாம்."

வானில் முன்னால் எப்போதும் உட்காருகிற சின்னப் பேத்தி அந்தக் கலியாணத்தில் பிறந்தவள்.

இதைக் கேட்டபிறகும் கோபம் போகவில்லை. அதோடு வேறொன்றும் வந்து சேர்ந்தது. அதற்கு எனக்குப் பேர் தெரியாது.

படிவம் கொடுக்கிற நாள் நெருங்கியது. நான் காக்காவின் வீட்டுக்குப் போனேன். வானுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கால்களைப் பார்த்துத்தான் பேசினேன்.

"காக்கா, ஒரு பக்கம் காது கேக்காத புள்ளைய எங்கயாச்சும் பள்ளிக்கூடத்தில நல்லாப் பாக்கிறாங்களா? கண்டீங்களா?"

"காணல்ல."

"ரெண்டு பள்ளிக்கூடத்திலயுமா?"

"உள்ளுக்கு நான் போறல்ல தம்பி." கொஞ்ச நேரம் இரும்பில் ஏதோ தட்டினார். பிறகு, "நீங்க போய்ப் பாருங்க," என்றார்.

அவர் எனக்கு இதைச் செய்யுங்கள் என்று சொன்னது அந்த ஒரே தடவைதான்.

போனேன். சந்தன நிறச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு முதலில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு. வாசல் காவலாளி இடைவேளைக்குத்தான் விட்டான். முதலாம் ஆண்டு டீச்சர் நல்ல மனிசி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வகுப்பில் மேசைகள் சுவரோடு சுவர் முட்டின. நான் என் பிள்ளை என்று சொல்லவில்லை. இப்படி ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"முன்னுக்குத்தான் இருத்தோணும்," என்றார். "ஆனா உண்மையச் சொல்லுறன் காக்கா. இஞ்ச முன்வரிசைக்கு உம்மாமார் சண்டை பிடிக்கிறாங்க. அதால கிழமைக்குக் கிழமை வரிசைய மாத்துறம். ஒரு புள்ளைய மட்டும் அப்பிடியே வெச்சா ஏன் எண்டு கேப்பாங்க. காரணத்த எல்லாருக்கும் சொல்லோணும்."

"சொன்னா?"

"சொன்னா விடுவாங்க. மறுகா அந்தப் புள்ளைக்கு அதுதான் பேரா வெச்சிருவாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

பிறகு கடற்கரைப் பள்ளிக்கூடம். கேற் திறந்தே கிடந்தது. ஒரு ஆடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் சுவரைத்தான் முதலில் பார்த்தேன். ஜன்னல் மூலையில் வெடிப்பு. வெடிப்பின் மேல் சும்மா பூசி மறைத்திருந்தார்கள். கூரையில் ஓட்டை இருந்த இடத்தில் தறப்பாள். இங்கிலீஷுக்கு டீச்சர் இல்லை, கேட்டிருக்கிறோம் என்றார் அதிபர். புலமைப்பரிசிலில் பாஸானவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறு ஒன்றும் கேட்க முன், "பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதும், உங்கட வோட்டு எங்க கிடந்தாலும் எங்களுக்குப் பரவாயில்ல," என்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான்.

முதலாம் ஆண்டு டீச்சர் இளம் பிள்ளை. பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் இருந்தார். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"எந்தக் காது?" என்று கேட்டார்.

நான் நின்றேன். மாமி சொன்னது ஞாபகம் வந்தது.

"இடது," என்றேன். "என்ட மகள்தான்."

"அப்ப இடப்பக்க ஓரத்தில இருத்துவம். இஞ்ச முன்னுக்குப் பின்னுக்கு எண்டு ஒண்டில்ல காக்கா. கிடக்கிறதே ஒரு வரிசை."

வீட்டுக்கு வந்து கண்டதைச் சொன்னேன். இரண்டிலும் கண்டதை. வெடிப்பையும் தறப்பாளையும் ஆட்டையும் விடவில்லை. மச்சான் எழும்பி நின்றுவிட்டார்.

"மூடப்போற பள்ளிக்கூடம் மச்சான் அது! நான் புள்ளி கணக்குப் பாத்து எல்லாம் சரிக்கட்டி வெச்சிரிக்கன். வெடிச்ச சுவருக்குக் கீழ கொண்டு போய் விடப் போறீங்களா? ஒரு காதுதான் இல்ல. படிப்பையும் இல்லாமலாக்கப் போறீங்களா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பள்ளிக்கூடம் மூடினால் என் பிள்ளை எங்கே போவாள் என்று எனக்கும் தெரியாது.

மாமி என்னைப் பார்க்காமல் கேட்டார். "காதச் சொல்லியாச்சா?"

"சொல்லிற்றன்."

மாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மனைவிதான் கடைசியில் பேசினாள். "புள்ளைக்கு முதல்ல கேக்கோணும் காக்கா. படிப்பு மறுகா." தன் காக்காவிடம் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. மச்சான் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். வட்ஸ்அப்பில் இருந்து வாசித்துக் காட்டுவதை அன்றோடு விட்டார்.

மகளைக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் பதிந்தோம். அந்தச் சுவர் வெடிப்பை விடுமுறையில் நானே வெட்டிப் பூசிக் கொடுத்தேன். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச வருடம் நிற்கும்.

காக்கா இப்போது இல்லை. மாரி மழைக் காலத்தில் மௌத்தானார். நோய் ஒன்றும் பெரிதாக இல்லை. ஜனாசாத் தொழுகைக்கு முன் இமாம் திரும்பி நின்று, "இந்த மனிதர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். நல்லவர் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போது அவருக்கு இது பிடிக்காதே என்று தோன்றியது. மாமி மய்யத்து வீட்டுக்குப் போய் மற்றப் பெண்களோடு இருந்துவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் இன்னும் ஒன்று இருக்கிறது. மகள் முதன்முதல் பள்ளிக்கூடம் போன நாள். அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது எங்கள் கடப்படியில் வான் நின்றது. எஞ்சின் நிறுத்தியிருந்தது. மாமி ஜன்னலால் பார்த்தார். உள்ளே போய்விட்டார். காக்கா இறங்கி என்னிடம் வந்தார். தாடி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன கண்ட நீங்க தம்பி?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எவரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கண்டதைச் சொன்னேன்.

பிள்ளைகளுக்குக் கடதாசிப் பூ மாலை போட்டார்கள். அதிபர் கொஞ்சம் பேசினார். பிறகு டீச்சர் பதினொரு பிள்ளைகளையும் உள்ளே கூட்டிப் போய் ஒரே வரிசையில் இருத்தினார். என் மகள் இடப்பக்க ஓரம். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். கடல் அன்று கொஞ்சம் சத்தம். டீச்சர் பிள்ளைகளையே எண்ணச் சொன்னார். வலப்பக்க ஓரத்தில் இருந்து ஒவ்வொருவராக. பக்கத்துப் பிள்ளை சொன்னதைக் கேட்டு அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

முதல் பிள்ளை ஒன்று என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு, மூன்று என்று வந்தது. ஒருவன் ஐந்தைத் தாண்டி ஏழு என்றான். டீச்சர் திருத்தினார். என் மகளுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு கூச்சப் பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள் சொன்னது. ஜன்னலில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. டீச்சர் திருப்பிச் சொல்லவில்லை. காத்திருந்தார். மனைவி என் சேர்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்தாள். மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் தலையைத் தூக்கினாள்.

பதினொன்று.